சேர் அருணாசலம் மகாதேவா: நம்பிக்கையை அரசியலாக்கிய தலைவர்

எமது அரசியல் வரலாற்றில் வென்றவர்களின் பெயர்கள் வீதிகளுக்கும் மண்டபங்களுக்கும் சூட்டப்படுகின்றன. தோற்றவர்களின் பெயர்களோ காலப்போக்கில் மறக்கப்பட்டு விடுகின்றன. ஆனால் ஒரு சமூகம் தன்னைத் தானே அறிந்து கொள்வதற்கு வென்றவர்களின் வரலாறு மட்டும் போதுமானதன்று. தோற்றவர்கள் ஏன் தோற்றார்கள், அவர்களை நிராகரித்த மக்கள் பின்னர் எதனைக் கண்டார்கள் என்பவற்றையும் ஆராய்ந்தாலே படிப்பினை முழுமை பெறும். அவ்வாறு ஆராயப்பட வேண்டியவர்களுள் ஒருவர் சேர் அருணாசலம் மகாதேவா ஆவார்.

சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் புதல்வர், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் தம்பி மகன், யாழ்ப்பாணத்தின் அரசாங்க சபைப் பிரதிநிதி, உள்நாட்டலுவல்கள் அமைச்சர், இந்தியாவிற்கான இலங்கையின் உயர்ஸ்தானிகர் எனப் பல நிலைகளில் அவர் விளங்கினார். எனினும் இன்று யாழ்ப்பாணத்தில் அவரது பெயரை நினைவுகூர்வோர் மிகச் சிலரே. நினைவுகூர்வோரும் 1947 இல் ஜீ.ஜீ. பொன்னம்பலத்திடம் தோல்வியுற்றவர் என்ற அளவிலேயே அவரை அறிந்திருக்கின்றனர். அந்தத் தோல்விக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவை, தமிழ் மக்களும் முஸ்லிம் மக்களும் ஒருசேரச் சிந்திக்க வேண்டியவை என்பதனாலேயே அவரது வாழ்வை இங்கு எடுத்து நோக்குகின்றோம்.

1885 ஆம் ஆண்டு பிறந்த மகாதேவா, மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பமொன்றின் வழித்தோன்றல். அக்குடும்பம் இரண்டு தலைமுறைகளுக்கு முன்னரே கொழும்பில் நிலைகொண்டு செல்வமும் செல்வாக்கும் பெற்றிருந்தது. இதனால் யாழ்ப்பாணம் அவருக்குப் பூர்வீகமாக இருந்ததேயன்றி வாழ்விடமாக இருக்கவில்லை. ஆங்கிலக் கல்வி பெற்ற கொழும்புக் கனவான்களின் உலகமே அவரது உலகம். சிங்களத் தலைவர்கள் பலர் அவருக்கு இளமை முதலே அறிமுகமானவர்கள். ஒரே மண்டபங்களில் கூடி, ஒரே மொழியில் உரையாடி, ஒருவரது சொல்லை மற்றவர் ஏற்றுப் பழகிய மிகச் சிறிய வட்டம் அது. அவரது அரசியலின் பலமும் பலவீனமும் இந்த வட்டத்தினுள்ளேயே உருவாயின.

சொல்லை நம்புவதால் வரும் இடரை அவரது தந்தையாரே அனுபவித்திருந்தார். 1919 ஆம் ஆண்டு இலங்கை தேசிய காங்கிரஸ் தோற்றுவிக்கப்பட்ட போது அதன் முதலாவது தலைவராக அமர்ந்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். தமிழரையும் சிங்களவரையும் ஓர் அமைப்பின் கீழ் கொண்டுவருவதற்கு அவர் பாடுபட்டார். மேல் மாகாணத்தில் தமிழருக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதை ஆதரிப்பதாகச் சிங்களத் தலைவர்கள் அவருக்கு முன்கூட்டியே உறுதிமொழி அளித்திருந்தனர். அந்த உறுதிமொழியை நம்பியே யாழ்ப்பாணத்துச் சங்கத்தினரையும் அவர் காங்கிரஸுக்குள் கொண்டுவந்தார். உறுதிமொழி பின்னர் கைவிடப்பட்டது. மனமுடைந்த அருணாசலம் 1921 இல் காங்கிரஸிலிருந்து வெளியேறி, 1923 இல் இலங்கைத் தமிழ் லீக் என்ற அமைப்பை உருவாக்கினார். மறு ஆண்டே அவர் காலமானார். தந்தை கண்ட ஏமாற்றத்தை மகன் அறியாதவரல்லர். அறிந்திருந்தும் அவர் அதே பாதையையே தெரிந்தெடுத்தார் என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

அக்குடும்பத்தின் வரலாற்றில் முஸ்லிம் மக்களுக்கும் ஒரு மனக்குறை உண்டு என்பதை நாம் மறைப்பதற்கில்லை. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என 1888 ஆம் ஆண்டு ராயல் ஆசியக் கழகத்தில் இராமநாதன் வாதிட்டார். முஸ்லிம்களுக்கெனத் தனிப் பிரதிநிதித்துவம் கோரப்பட்டு வந்த வேளையில் எழுந்த அந்த வாதத்தைத் தமது தனித்துவத்தை மறுக்கும் முயற்சியாகவே முஸ்லிம் அறிஞர்கள் கண்டனர். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட பின்னர், ஆங்கில அரசின் அடக்குமுறைக்கு உள்ளான சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் இலண்டன் வரை சென்று வாதாடினார். சிங்கள மக்கள் அவரது வண்டியைத் தாமே இழுத்துக் கொண்டாடினர். பாதிக்கப்பட்ட முஸ்லிம்களுக்காகவும் அதேயளவு உரத்து அவர் குரல் கொடுத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் முஸ்லிம் மக்களிடையே நெடுங்காலம் நிலவியது. தமிழ்த் தலைமைக்கும் முஸ்லிம் தலைமைக்கும் இடையிலான தூரம் பிற்காலத்தில் திடீரெனத் தோன்றியதன்று என்பதை உணர்த்தவே இதனைக் குறிப்பிடுகின்றோம்.

1931 இல் டொனமூர் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. இனவாரிப் பிரதிநிதித்துவம் நீக்கப்பட்டு, சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டது. பூரண சுயராச்சியத்தை அது வழங்கவில்லை எனக் கூறி, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு கோரியது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளும் பிரதிநிதிகளின்றி வெறுமையாயின. நாடு முழுவதும் சுதந்திர வேட்கையில் தம்மைப் பின்தொடரும் என வாலிபர் காங்கிரஸார் எதிர்பார்த்தனர். தென்னிலங்கையோ தேர்தலில் ஈடுபட்டுத் தன் பிரதிநிதிகளை அனுப்பியது. குடாநாடு மூன்று ஆண்டுகள் அரசாங்க சபையில் குரலற்றிருந்தது.

1934 இல் நடைபெற்ற இடைத்தேர்தல்களின் மூலமே அந்த வெறுமை நீங்கியது. யாழ்ப்பாணத் தொகுதியிலிருந்து மகாதேவாவும், பருத்தித்துறையிலிருந்து ஜீ.ஜீ. பொன்னம்பலமும், காங்கேசன்துறையிலிருந்து இராமநாதனின் மருமகனான சு. நடேசனும் அரசாங்க சபைக்குள் பிரவேசித்தனர். ஒரே ஆண்டில் ஒரே குடாநாட்டிலிருந்து சென்ற மகாதேவாவும் பொன்னம்பலமும் அடுத்த பதின்மூன்று ஆண்டுகளில் தமிழர் அரசியலின் இரு துருவங்களாயினர். பொன்னம்பலம் சிறந்த நியாயவாதி. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பை மடக்குவது போன்றே சபையிலும் வாதாடினார். மகாதேவாவோ திரைமறைவுப் பேச்சுவார்த்தையில் நம்பிக்கை கொண்டவர். உரத்துப் பேசுவதால் பெறக்கூடியதைவிட உடனமர்ந்து பேசுவதால் பெறக்கூடியது அதிகம் என்பது அவரது கணிப்பு.

1936 இல் அக்கணிப்பு பெரும் சோதனைக்குள்ளானது. டொனமூர் முறையின் கீழ் சபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவும் தன் தலைவரை அமைச்சராகத் தெரிவு செய்தது. ஒவ்வொரு குழுவிலும் பெரும்பான்மை அமையும் வண்ணம் கணக்கிட்டு உறுப்பினர்கள் பகிரப்பட்டமையால் ஏழு அமைச்சர்களும் சிங்களவர்களாகவே அமைந்தனர். அரசியல் சீர்திருத்தக் கோரிக்கையை ஒருமுகமாக முன்வைக்கவே இவ்வாறு செய்யப்பட்டது என விளக்கம் கூறப்பட்டது. தனிச் சிங்கள அமைச்சரவை என வரலாற்றில் பெயர் பெற்ற அந்த ஏற்பாடு, எண்ணிக்கையின் பலம் எவ்வாறு கையாளப்படக்கூடும் என்பதைச் சிறுபான்மையினர் அனைவருக்கும் உணர்த்தியது. பொன்னம்பலத்தின் சமபல பிரதிநிதித்துவக் கோரிக்கை வலுப்பெறுவதற்கு இதனைவிடச் சிறந்த காரணம் தேவைப்படவில்லை.

1942 இல் உள்நாட்டலுவல்கள் அமைச்சராகவிருந்த சேர் பாரன் ஜயதிலக்க இலங்கையின் பிரதிநிதியாக டில்லிக்குச் சென்றார். வெற்றிடமான அப்பதவிக்கு மகாதேவா தெரிவு செய்யப்பட்டார். பொலிஸ் உள்ளிட்ட உள்நாட்டு நிர்வாகம் ஒரு தமிழரின் பொறுப்பில் வந்தது. தனிச் சிங்கள அமைச்சரவை என்ற குற்றச்சாட்டு அத்துடன் நீங்கியது. மகாதேவாவைப் பொறுத்தவரை இது அவரது அணுகுமுறைக்குக் கிடைத்த வெற்றி. அவரை எதிர்த்தவர்களைப் பொறுத்தவரையோ, ஆங்கில அரசின் கண்களுக்குக் காட்டுவதற்காக வைக்கப்பட்ட ஓர் அலங்காரம். இரண்டு பார்வைகளிலும் ஓரளவு உண்மை இருந்தது என்றே நாம் கருதுகின்றோம்.

அமைச்சராக அவர் ஆற்றிய பணிகளுள் மிக முக்கியமானது அரசியலமைப்பு வரைவில் அவருக்கிருந்த பங்கு. டி.எஸ். சேனநாயக்கவின் தலைமையில், ஐவர் ஜென்னிங்ஸின் ஆலோசனையுடன், அமைச்சர்கள் சபை 1944 இல் ஓர் அரசியலமைப்பு வரைவைத் தயாரித்தது. மகாதேவா அச்சபையின் உறுப்பினர். ஏறத்தாழ 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்பதோடு, ஒவ்வோர் 1,000 சதுர மைலுக்கும் மேலதிகமாக ஓர் ஆசனம் என்ற ஏற்பாடு அதிலிருந்தது. சனத்தொகை குறைந்த வடக்கும் கிழக்கும் இதனால் நன்மையடைந்தன. எந்தவொரு சமூகத்திற்கும் மதத்திற்கும் மட்டும் பாதகமாகவோ சாதகமாகவோ சட்டமியற்றலாகாது என்ற காப்பும் அவ்வரைவிலேயே இடம்பெற்றது. பின்னர் சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவாக உருவெடுத்தது இந்தக் காப்பே. சிறுபான்மையினருக்கு இவை போதும் என மகாதேவா நம்பினார்.

போதாது என்றார் பொன்னம்பலம். 1944 இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸை அமைத்த அவர், சட்டசபை ஆசனங்களில் பாதி சிங்களவருக்கும் மறுபாதி ஏனைய சமூகங்கள் அனைத்திற்கும் வழங்கப்பட வேண்டும் என்ற ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை சோல்பரி ஆணைக்குழுவின் முன் வாதிட்டார். சிங்களவர் சனத்தொகையில் ஏறத்தாழ 70 வீதமாக இருந்த நாட்டில் இக்கோரிக்கையை ஆணைக்குழு ஏற்கவில்லை. மறுபாதியில் தமக்குரிய பங்கு யாது, அதனை யார் தீர்மானிப்பது என்ற ஐயம் முஸ்லிம்களிடமும் இருந்தது. கோரிக்கை தோற்றது. ஆனால் யாழ்ப்பாண மக்களின் உள்ளத்தில் அது ஆழ வேரூன்றிவிட்டது.

1945 நவம்பரில் பிரித்தானிய அரசின் வெள்ளையறிக்கை அரசாங்க சபையின் வாக்கெடுப்பிற்கு வந்தது. அவ்வேளை பொன்னம்பலம் இலண்டனிலிருந்தார். சபையிலிருந்த மகாதேவாவும் நடேசனும் ஏனைய தமிழ் உறுப்பினர்களும் அதனை ஆதரித்தனர். முஸ்லிம் உறுப்பினர்களான டி.பி. ஜாயாவும் ராசிக் பரீத்தும் ஆதரித்தனர். 51 பேர் ஆதரவாகவும் மூவர் மட்டும் எதிராகவும் வாக்களித்தனர். எதிர்த்த மூவரில் ஒருவர் டபிள்யூ. தஹநாயக்க. ஏனைய இருவரும் இந்திய வம்சாவளி மக்களின் பிரதிநிதிகள். அடுத்து வரவிருந்த அநீதிக்கு முதலில் இலக்காகப் போகும் மக்களின் பிரதிநிதிகளே அன்று தனித்து நின்றனர் என்பது, பின்னோக்கிப் பார்க்கையில் நெஞ்சை உறுத்துகின்றது.

மகாதேவாவைப் பற்றிப் பேசும்போது ஜாயாவைப் பற்றியும் பேசாதிருக்க முடியாது. 1890 இல் கலகெதரையில் மலாய்க் குடும்பமொன்றில் பிறந்த ஜாயா, கால் நூற்றாண்டிற்கு மேலாகக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகப் பணியாற்றி முஸ்லிம்களின் கல்வி மறுமலர்ச்சிக்கு வித்திட்டவர். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் என்பது யாழ்ப்பாணத்தவர் பெருமையுடன் நினைவுகூர வேண்டியது. தமது சமூகத்திற்கெனப் பேரம் பேசாது நாட்டின் சுதந்திரத்தை ஆதரிப்பதே உகந்தது என 1945 இல் ஜாயா முடிவு செய்தார். மகாதேவாவின் முடிவும் அத்தகையதே. ஒருவர் தமிழர், மற்றவர் முஸ்லிம். இருவரும் தமது சமூகங்களின் எதிர்காலத்தைப் பெரும்பான்மைத் தலைமையின் நல்லெண்ணத்திடம் ஒப்படைத்தனர்.

ஒப்படைத்தவர்களுக்கு அவர்தம் மக்கள் வழங்கிய தீர்ப்பு வேறுபட்டது. 1947 பொதுத் தேர்தலில் மும்முனை உறுப்பினர் தொகுதியான மத்திய கொழும்பிலிருந்து ஜாயா பாராளுமன்றம் சென்று, சேனநாயக்கவின் அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சரானார். மகாதேவாவோ ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளராக யாழ்ப்பாணத்தில் போட்டியிட்டு, பொன்னம்பலத்திடம் பெரும் வித்தியாசத்தில் தோல்வியுற்றார். காங்கேசன்துறையில் நடேசன் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்திடம் தோற்றார். இராமநாதன், அருணாசலம் காலம் தொட்டுத் தொடர்ந்த ஒரு குடும்பத்தின் செல்வாக்கு ஒரே தேர்தலில் சரிந்தது. தமிழ்க் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைக் கைப்பற்றியது.

அந்தத் தீர்ப்பு நகரத்துப் படித்தவர்களுடைய தீர்ப்பு மட்டுமன்று. நீர்வேலி போன்ற கிராமங்களும் அதே தீர்ப்பையே அளித்தன. செம்மண்ணில் வாழையும் புகையிலையும் பயிரிட்டு, கிணற்று நீரை இறைத்துப் பாய்ச்சிப் பிழைக்கும் விவசாயக் குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. சங்கர பண்டிதர் பிறந்ததால் கல்வியுலகிலும் பெயர் பெற்றது. 1947 இல் புதிதாக அமைந்த கோப்பாய்த் தொகுதியில் அடங்கிய நீர்வேலியும் அயற்கிராமங்களும் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளர் கு. வன்னியசிங்கத்தைத் தெரிவு செய்தன. கொழும்பு மாளிகைகளில் கைகுலுக்கல்களோடு முடிவாகும் அரசியல், தோட்டத்தில் பட்டைக்கொடி பிடித்த விவசாயிக்கு எதனையும் விளக்கவில்லை. தனது பெயரால் எது கொடுக்கப்பட்டது, எது பெறப்பட்டது என்பதை அவனுக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. மகாதேவாவின் தோல்விக்கு ஐம்பதுக்கு ஐம்பது கோஷம் எந்த அளவிற்குக் காரணமோ, அந்த மௌனமும் அந்த அளவிற்குக் காரணம் என்பது எமது கருத்து.

தேர்தலில் தோற்ற மகாதேவாவை இந்தியாவிற்கான உயர்ஸ்தானிகராக அரசாங்கம் நியமித்தது. முன்னர் எவரது வெற்றிடத்தை நிரப்பி அமைச்சரானாரோ, அந்த ஜயதிலக்க வகித்த டில்லிப் பொறுப்பையே இப்போது அவர் ஏற்க நேர்ந்தது. யாழ்ப்பாண மக்களின் பிரதிநிதியாக இருந்தவர் இலங்கை அரசின் பிரதிநிதியானார். அரசியல்வாதி தன் மனச்சாட்சிப்படி பேசலாம். பேசத் தவறினால் மக்கள் தண்டிக்கலாம். இராஜதந்திரியோ தன்னை அனுப்பிய அரசின் நிலைப்பாட்டையே எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர். புதிதாகச் சுதந்திரம் பெற்ற இரு நாடுகளுக்கும் இடையே அன்று நிலவிய முதன்மைப் பிரச்சினை எது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப் பதவி அவருக்கு எத்துணை முட்படுக்கையாக அமைந்திருக்கும் என்பது புலனாகும்.

அப்பிரச்சினை மலையக மக்களின் பிரஜாவுரிமை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 6 ஆசனங்களை வென்றிருந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்த ஒருவர் தமது தந்தை இங்கு பிறந்தவரென்றோ, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்களென்றோ நிரூபிக்க வேண்டும் என விதித்தது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத தோட்ட லயன்களில் வாழ்ந்தவர்கள் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்கள்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களாயினர். 1949 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் அவர்களது வாக்குரிமையையும் பறித்தது. 1952 தேர்தலில் மலையக மக்களின் பிரதிநிதியாக ஒருவரேனும் பாராளுமன்றம் செல்லவில்லை.

இச்சட்டங்கள் 29 ஆம் பிரிவை மீறுவன என்ற வாதம் நீதிமன்றப் படியேறியது. 1953 இல் பிரிவுக் கவுன்சில் அவ்வாதத்தை நிராகரித்தது. சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் குறிப்பிடப்படவில்லை. பிரஜை யார் என வரையறுப்பது ஒரு நாட்டின் உரிமை என்பதே தீர்ப்பின் சாராம்சம். மகாதேவா அங்கம் வகித்த அமைச்சர்கள் சபை வடிவமைத்த காப்பு, அது எதிர்கொண்ட முதலாவது பெரும் சோதனையிலேயே பயனற்றுப் போனது. அந்தக் காப்பை நம்பி வாக்களித்தவர் டில்லியில் அரசின் தூதுவராக இருக்க, அந்தக் காப்பை நம்ப மறுத்து வாக்களித்தவர்களின் மக்கள் நாடற்றோராயினர்.

முஸ்லிம் மக்களும் இதனைத் தமிழரின் துயரமாக மட்டும் கருதுவதற்கில்லை. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம் என்பதாகும். தென்னிந்தியக் கரையிலிருந்து வந்து தலைமுறைகளாக இங்கு வணிகம் செய்த முஸ்லிம் குடும்பங்களும் அதன் வரம்பிற்குள் வந்தன. அச்சட்டங்கள் நிறைவேறிய காலத்தில் ஜாயா அமைச்சரவையில் இருந்தார். 1950 இல் அவர் பாகிஸ்தானுக்கான உயர்ஸ்தானிகராகக் கராச்சி சென்று, 1957 வரை அங்கு பணியாற்றினார். 1945 இல் நம்பிக்கையின் பேரில் வாக்களித்த இரு தலைவர்களும் இவ்வாறு உள்நாட்டு அரசியலிலிருந்து விலகி, அயல்நாட்டுத் தலைநகரங்களில் இலங்கையின் குரலாயினர். அந்நியமனங்கள் கௌரவத்திற்குரியவை. எனினும், தம் சமூகங்களுக்கு மிக அவசியமான காலத்தில் அனுபவமிக்க இரு குரல்கள் கொழும்பில் ஒலிக்கவில்லை என்பதும் உண்மை. ஜாயா 1960 இல் ஹஜ் யாத்திரை சென்றிருந்த வேளை மதீனாவில் காலமாகி அங்கேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

மகாதேவாவைத் தோற்கடித்தவர்களின் கதை என்னவாயிற்று? பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்த பொன்னம்பலம், 1948 செப்டெம்பரில் சேனநாயக்கவின் அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சராக இணைந்தார். எந்த ஒத்துழைப்பு அரசியலுக்காக மகாதேவாவை மக்கள் தண்டித்தார்களோ, அதே ஒத்துழைப்பை அவரை வென்றவரும் ஒரே ஆண்டில் ஏற்றார். அதனை ஏற்காத செல்வநாயகமும் வன்னியசிங்கமும் பிரிந்து சென்று 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை அமைத்தனர். 1952 தேர்தலில் செல்வநாயகமே நடேசனிடம் தோல்வியுற்றார். அத்தேர்தலில் தமிழரசுக் கட்சி வென்றவை இரண்டே தொகுதிகள். ஒன்று திருகோணமலை, மற்றையது நீர்வேலியை உள்ளடக்கிய கோப்பாய். சமஷ்டிக் கோரிக்கை குடாநாட்டில் முதன்முதலாக நிலைகொண்ட இடம் அந்தச் செம்மண் கிராமங்களே என்பதை எமது இளைய தலைமுறை அறிந்திருத்தல் வேண்டும்.

மகாதேவா 1969 வரை வாழ்ந்தார். நீண்ட ஆயுள் அவருக்கு வரமாக இருந்ததா என்பது ஐயமே. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியதை அவர் கண்டார். 1957 இல் செய்யப்பட்ட பண்டாரநாயக்க - செல்வநாயகம் உடன்படிக்கை மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டதையும், அதனைத் தொடர்ந்த 1958 கலவரத்தையும் கண்டார். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டதை அவர் கண்டார். தலைவிதி தீர்மானிக்கப்பட்ட அந்த மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. 1965 இல் டட்லி சேனநாயக்கவுடன் செய்யப்பட்ட உடன்படிக்கையும் ஏட்டோடு நின்றது. அவர் மறைந்து மூன்று ஆண்டுகளில், 1972 குடியரசு அரசியலமைப்பு 29 ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. மலையக மக்களின் நாடற்ற நிலை சட்டப்படி முடிவுக்கு வர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவ்வாறாயின் மகாதேவாவை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? தமிழினத்தை விற்றவர் என்று கூறுவோர் உளர். அக்கூற்றை நாம் ஏற்கவில்லை. 1945 இல் அவர்முன் இருந்த தெரிவுகள் மிகக் குறைவு. ஐம்பதுக்கு ஐம்பது ஏற்கனவே நிராகரிக்கப்பட்டிருந்தது. வெள்ளையறிக்கையை எதிர்த்திருந்தாலும் அது நிறைவேறியே இருக்கும். ஆதரிப்பதன் மூலம் புதிய ஆட்சியாளரின் நல்லெண்ணத்தைச் சம்பாதிக்கலாம் என அவர் எண்ணியதில் அன்றைய நிலையில் ஒரு நியாயம் இருந்தது. அவருடன் வாக்களித்த ஏனைய தமிழ், முஸ்லிம் உறுப்பினர்களும் அவ்வாறே எண்ணினர்.

அவர் தவறியது வேறு இரண்டு இடங்களில். முதலாவது, தனிப்பட்ட நட்பை அரசியல் உத்தரவாதமாக அவர் கருதினார். டி.எஸ். சேனநாயக்கவின் சொல் பெறுமதியுள்ளதாகவே இருந்திருக்கலாம். ஆனால் சேனநாயக்க 1952 இல் காலமானார். சொன்னவரோடு சொல்லும் மறைந்தது. தந்தைக்குக் கிடைத்த உறுதிமொழி கைவிடப்பட்ட வரலாறு தன் வீட்டிலேயே இருந்தும், அதைவிட வலிதான உறுதிமொழியை மகன் கோரவில்லை. ஆதரவு வாக்கு ஒரு முறைதான் பெறுமதியுள்ளது. வாக்களித்து முடித்த பின்னர் கேட்பவனிடம் கொடுப்பதற்கு எதுவுமிருப்பதில்லை.

இரண்டாவது தவறு, முன்னர் நாம் குறிப்பிட்ட மௌனம். தாம் ஏன் இவ்வாறு வாக்களித்தோம், எதனை எதிர்பார்த்து வாக்களித்தோம் என்பதை மக்களிடம் சென்று விளக்கி, அவர்களது சம்மதத்தை அவர் முன்கூட்டியே பெறவில்லை. பெற்றிருந்தால், எதிர்பார்ப்பு பொய்த்தபோது அந்த மக்களின் பலத்துடன் நின்று அவர் கேள்வி கேட்டிருக்கலாம். மக்கள் பலமின்றிப் பேச்சு மேசைக்குச் செல்பவர் தலைவராகச் சென்று, விருந்தினராகத் திரும்புகிறார்.

இந்தப் படிப்பினை பெரும்பான்மையினரைக் குறைகூறுவதற்கு மட்டும் உரியதன்று. எண்ணிக்கையில் குறைந்தவன் அதிகமானவனிடம் எழுத்திலும் நடைமுறையிலும் உத்தரவாதம் கோருவது நியாயமெனில், வடக்கில் எண்ணிக்கையில் குறைந்த முஸ்லிம் மக்கள் தமிழ் மக்களிடம் அதனைக் கோருவதும் நியாயமே. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் தமது மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. தலைமுறைகளாக நிலவிய அயலுறவும் நல்லெண்ணமும் அன்று அவர்களைக் காக்கவில்லை. நல்லெண்ணத்தை மட்டும் நம்பி வாழ்வதன் ஆபத்தை மகாதேவாவின் தோல்வியிலிருந்து கற்ற தமிழ் மக்கள், அதே ஆபத்தில் வேறொரு சமூகத்தை விட்டுவைக்க உரிமையுடையவர்களல்லர்.

இன்றும் தமிழ், முஸ்லிம் பிரதிநிதிகள் கொழும்பில் ஆட்சியமைப்போருடன் பேசுகின்றனர். ஒவ்வொரு தேர்தலின் பின்னரும் கதவுகள் மூடி உரையாடல்கள் நடைபெறுகின்றன. பேசுவது தவறன்று. பேசாதிருந்து 1931 இல் யாழ்ப்பாணம் இழந்ததும் அதிகம். ஆனால் எதற்காக ஆதரவு வழங்கப்படுகிறது, எந்தத் திகதிக்குள் எது நிறைவேற வேண்டும், நிறைவேறாவிடின் என்ன செய்யப்படும் என்பவை மக்கள்முன் வைக்கப்பட வேண்டும். அது தமிழிலும் இருக்க வேண்டும். தோட்டத்து விவசாயிக்கும் கடைத்தெரு வணிகருக்கும் விளங்கும் தமிழாக இருக்க வேண்டும். இரு சமூகத்தவரும் ஒருவர் அறியாது மற்றவர் பேரம் பேசும் நிலை நீங்கி, தத்தம் கோரிக்கைகளை முதலில் ஒருவருக்கொருவர் அறிவிக்கும் வழக்கம் ஏற்படவும் வேண்டும்.

சேர் அருணாசலம் மகாதேவா கண்ணியமானவர். தமது நம்பிக்கைக்கு விலையாக மக்களின் ஆதரவை இழந்தவர். அவரைச் சிறுமைப்படுத்துவதால் எமக்குப் பயனில்லை. அவர் எந்த இடத்தில் கேட்கத் தவறினாரோ, அந்த இடத்தில் கேட்கக் கற்றுக்கொள்வதே அவர் வாழ்விலிருந்து இரு சமூகங்களும் பெறக்கூடிய பயனாகும்.